'எ கேம் ஆஃப் ஷேடோஸ்': பாய் சுருட்டும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுகிறோம். 2011இல் வந்த 'ஷெர்லாக் ஹோம்ஸ்: எ கேம் ஆஃப் ஷேடோஸ்' படத்தை ஆள் மாற்றி ஆள் கேட்டு இதுவரை மூன்று முறை போட்டாயிற்று. மூன்று முறையும் படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது என்னைச் சுற்றி நின்று கேட்ட கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறையாவது பாயை நிம்மதியாகச் சுருட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

கேட்டவர்கள் கேட்ட பாஷையிலேயே கேள்விகள் இருக்கின்றன. முதல் நான்கைப் படம் பார்க்காதவர்களும் படிக்கலாம். ஐந்தாவதிலிருந்து யார் செத்தார், யார் பிழைத்தார் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இதைப் பார்க்கணும்னா முதல் பாகம் கட்டாயம் பார்த்திருக்கணுமா?

கட்டாயமில்லை, பார்த்திருந்தால் ருசி கூடும். முதல் படம் 2009 கிறிஸ்துமஸ் அன்று வந்தது. இரண்டுக்கும் இயக்குநர் கை ரிட்சி. ஹோம்ஸாக ராபர்ட் டௌனி ஜூனியர், டாக்டர் வாட்சனாக ஜூட் லா. அந்தப் படத்துக்காக டௌனிக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது.

முதல் பாகத்திலிருந்து இரண்டே விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, ஐரீன் ஆட்லர் என்ற கெட்டிக்காரி ஹோம்ஸின் மனதில் இருக்கிறாள், ஆனால் வேலை பார்ப்பதோ பேராசிரியர் மொரியார்ட்டிக்கு. இரண்டு, வாட்சன் மேரியைக் கல்யாணம் செய்துகொண்டு பேக்கர் தெரு வீட்டைவிட்டுப் போகப்போகிறார், ஹோம்ஸுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. மொரியார்ட்டி முதல் படத்தில் முகம் காட்டாமல் இருட்டிலேயே இருப்பார். இதில் வெளிச்சத்துக்கு வருகிறார்.

பிள்ளைங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா சார்?

பத்து வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம் என்பது என் கணக்கு. அமெரிக்காவில் பிஜி-13 கொடுத்தார்கள், அதாவது பதின்மூன்றுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்டவேண்டிய ரகம். ஆயுதத் தொழிற்சாலையில் ஹோம்ஸைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் காட்சி ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை அந்த நேரத்தில் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிடுங்கள். ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக வரும் ஸ்டீஃபன் ஃப்ரை பிறந்த மேனியாக வீட்டுக்குள் உலவும் காட்சியும் உண்டு. விகாரமாக ஒன்றும் தெரியாது. எங்கள் மாடியில் அதிகமாகச் சிரித்தது பாட்டிமார்தான்.

விமர்சகர்கள் இந்தப் படத்தைத் திட்டினாங்களா, பாராட்டினாங்களா? ஒரே குழப்பமா இருக்கு.

இரண்டும் நடந்தது. அதனால்தான் குழப்பம். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இதற்கு ஏறக்குறைய 60 சதவீதம், முதல் படத்துக்கு 70 சதவீதத்தை ஒட்டி. மெட்டாகிரிட்டிக்கில் முதல் படம் 57, இது 48. ஆக, விமர்சகர்கள் கணக்கில் இரண்டாம் பாகம் ஒரு படி கீழே.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 60 சதவீதம் என்றால் படம் நூற்றுக்கு அறுபது மார்க் வாங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். பத்துப் பேரில் ஆறு பேர் 'பார்க்கலாம்' என்றார்கள், நாலு பேர் 'வேண்டாம்' என்றார்கள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அந்த ஆறு பேரில் ஒருவர் துள்ளிக் குதித்திருக்கலாம், இன்னொருவர் போனால் போகிறது என்று தலையாட்டியிருக்கலாம். விமர்சகர் கொடுத்த மதிப்பெண்ணை எடுத்துச் சராசரி பார்ப்பது மெட்டாகிரிட்டிக். அங்கே 48 என்பது 'நடுவாந்தரம்'.

குறை சொன்னவர்களின் பல்லவி ஒன்றுதான்: சத்தம் அதிகம், வெட்டு அதிகம், துப்பறிதல் குறைவு. பாராட்டியவர்கள் டௌனி–லா ஜோடியையும், மொரியார்ட்டியாக வந்த ஜாரெட் ஹாரிஸையும் சொன்னார்கள். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தனி வழியில் போனார். முதல் படத்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் இதற்கு மூன்றரை கொடுத்தார். மூலக்கதைகளை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைப் படமாக ரசிக்கச் சொன்னார்.

படம் ஓடுச்சா?

ஓடியது. உலகம் முழுக்க 54 கோடி டாலருக்கு மேல் வசூல், முதல் படம் 52 கோடியைத் தாண்டியது. ஆனால் அமெரிக்க, கனடா கணக்கை மட்டும் எடுத்தால் கதை மாறுகிறது. முதல் படம் அங்கே சுமார் 21 கோடி, இது 19 கோடிக்குச் சற்றுக் கீழே. முதல் வாரக் கடைசியில் முதல் படம் 6.2 கோடி அள்ளியது, இது 4 கோடியைத் தொடவில்லை. உள்ளூரில் விட்டதை வெளிநாட்டில் பிடித்துவிட்டார்கள். 'முதல் வாரமே படுத்துவிட்டது' என்று சொல்பவரும் 'முதல் பாகத்தைவிட அதிகம் சம்பாதித்தது' என்று சொல்பவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடிவது இதனால்தான்.

கதை என்னதான்? நடுவுல கொஞ்சம் தூங்கிட்டேன்.

எந்த இடத்தில் தூங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன். 1891. ஸ்ட்ராஸ்பர்க்கில் குண்டு வெடிக்கிறது. ஐரோப்பாவில் தொழிலதிபர்களும் பெரிய மனிதர்களும் விபத்திலும் நோயிலும் குண்டுவெடிப்பிலும் சாகிறார்கள். பிரான்சும் ஜெர்மனியும் ஒன்றையொன்று சந்தேகிக்கின்றன. இதெல்லாம் ஒரே ஆளின் கைவேலை, அந்த ஆள் மொரியார்ட்டி என்று ஹோம்ஸ் மட்டும் சுவர் முழுக்க நூல் கட்டி உட்கார்ந்திருக்கிறார். வாட்சனின் கல்யாணத்துக்கு முந்தைய இரவு, சிம்சா என்ற ஜிப்சிப் பெண்ணைக் கொல்ல வந்தவனை ஹோம்ஸ் தடுக்கிறார். அவளுடைய அண்ணன் ரெனே மொரியார்ட்டியின் பிடியில் இருக்கிறான்.

தேனிலவுக்குப் போகும் ரயிலில் வாட்சனைக் கொல்ல ஆட்கள் ஏறுகிறார்கள். ஹோம்ஸ் பெண் வேடத்தில் வந்து புதுப்பெண் மேரியைப் பாலத்தின்மேல் ஓடும் ரயிலிலிருந்து ஆற்றில் தள்ளிக் காப்பாற்றுகிறார். கீழே படகில் அண்ணன் மைக்ராஃப்ட் காத்திருக்கிறார். அங்கிருந்து பாரிஸ். பிறகு ஜெர்மனியின் ஹைல்பிரானில் உள்ள ஆயுதத் தொழிற்சாலை. அங்குதான் கணக்குத் தெளிவாகிறது: துப்பாக்கி ரவை முதல் காயத்துக்குக் கட்டும் துணி வரை எல்லாவற்றையும் மொரியார்ட்டி வாங்கிக் குவித்துவிட்டான். சரக்கு தயார், இனி ஒரு போர் நடந்தால் போதும். கடைசியாக ஸ்விட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவிக்கு மேல் ஒரு சமாதான மாநாடு. அங்கே முக அறுவை செய்துகொண்டு வேறொருவராக ரெனே கொலை செய்யக் காத்திருக்கிறான்.

இது துப்பறியும் படமா, இல்ல ஃபைட் படமா? நேராச் சொல்லுங்க.

நேராகச் சொன்னால், துப்பறிதல் இருக்கிறது, பார்ப்பவர் கையில் அது அகப்படும்படி வைக்கப்படவில்லை. முதல் படம் பழைய பாணி. பிளாக்வுட் பிரபு மந்திரம் செய்வதாகக் காட்டுவார்கள், கடைசியில் ஹோம்ஸ் ஒவ்வொரு தந்திரத்தையும் பிரித்துப் போடுவார். 'எப்படி?' என்ற கேள்வி நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் பாகத்தில் குற்றவாளி யார் என்று பத்தாவது நிமிடத்திலேயே தெரியும். மிச்சம் இருப்பது துரத்தல். 'யார் செய்தது' என்ற தராசை எடுத்துக்கொண்டு வந்த விமர்சகருக்குத் தட்டில் வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு தடயத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஹோம்ஸ் மொரியார்ட்டியின் கல்லூரி அறைக்குப் போகிறார், கையெழுத்து வாங்க அவருடைய புத்தகத்தைக் கொண்டுபோகிறார். அலமாரியில் வீட்டுத் தோட்டக்கலை பற்றி ஒரு புத்தகம். சன்னல் ஓரத்துப் பெட்டியில் கவனிப்பாரின்றி வாடிய பூச்செடிகள். செடி வளர்ப்புப் புத்தகம் வைத்திருப்பவன் செடியை இப்படி வாடவிடுவானா? அந்தப் புத்தகம்தான், மொரியார்ட்டி தன் பணக் கணக்கை எழுதி வைத்த சிவப்புக் குறிப்பேட்டில் உள்ள சங்கேதத்துக்குச் சாவி. இந்தக் கேள்வியும் பதிலும் படத்தின் கடைசியில்தான் வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன. செடி கண்ணில் பட்டது படத்தின் முதல் பாதியிலேயே. மூன்றாவது திரையிடலில் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். 'ஐயோ, கரெண்ட் போச்சா' என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலின் கதையில் இதே தடயம் இருந்தால் வாட்சன் ஒரு வரியில் சன்னலைக் குறிப்பிட்டிருப்பார், நாமும் ஒரு நிமிடம் யோசித்திருப்போம். ரிட்சி அரை விநாடி கொடுக்கிறார், அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. பாரிஸிலும் இப்படித்தான்: வெடித்த ஓட்டல் அறையில் ஒருவன் மட்டும் குண்டுவெடிப்பால் சாகவில்லை, எதிர்க் கூரையிலிருந்து மொரியார்ட்டியின் அடியாள் கர்னல் மோரன் சுட்டிருக்கிறான். வெடிச் சத்தம் துப்பாக்கிச் சத்தத்தை மறைத்துவிட்டது. அருமையான துப்பு. வந்த வேகத்தில் போய்விடுகிறது. விமர்சகர்களின் புகாரில் பாதியை இதனால்தான் ஒப்புக்கொள்கிறேன். மறு பாதியை ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு அருவிக் காட்சி வரை பொறுங்கள்.

எங்க தாத்தா படிச்ச ஹோம்ஸ் பைப் பிடிச்சுட்டு யோசிப்பார். அவருக்கு ஏது இந்த அடிதடி?

தாத்தாவிடம் 'தனிமையான சைக்கிள்காரி' கதையை மறுபடி எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கிராமத்துச் சாராயக் கடையில் ஒரு முரடனை ஹோம்ஸ் நேர் இடக்கைக் குத்தால் சாய்த்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தோடு வந்து வாட்சனிடம் சொல்வார். 'நால்வர் சின்ன'த்தில் வாசலில் நிற்கும் குத்துச்சண்டைக்காரன் மக்மர்டோ, தன்னோடு மூன்று சுற்று மோதிய ஆள் என்றுதான் ஹோம்ஸை அடையாளம் காண்கிறான். 'புள்ளி வைத்த பட்டை' கதையில் டாக்டர் ராய்லட் மிரட்டலுக்காக வளைத்துப் போட்ட இரும்புக் கம்பியை, அவர் போன பிறகு ஹோம்ஸ் நிமிர்த்தி வைப்பார். டாயில் இதையெல்லாம் இரண்டு வரியில் முடிப்பார், சினிமா பத்து நிமிடமாக்குகிறது. வித்தியாசம் அளவில்.

இன்னொரு வேடிக்கை. மூலக்கதையில் மொரியார்ட்டியோடு அருவியருகே மோதிய ஹோம்ஸ் தப்பியது எப்படி என்று 1903இல் டாயில் எழுதியபோது, 'பாரிட்சு' என்ற ஜப்பானியச் சண்டைக் கலை தெரிந்ததால் தப்பினேன் என்று ஹோம்ஸைச் சொல்லவைத்தார். அப்படி ஒரு கலை இல்லை. இருந்தது 'பார்ட்டிட்சு'. ஜப்பானிலிருந்து 1898இல் திரும்பிய பார்ட்டன்-ரைட் என்ற ஆங்கிலேயர் ஜூஜுட்சு, குத்துச்சண்டை, கைத்தடிச் சண்டை எல்லாவற்றையும் கலந்து தன் பெயரையும் சேர்த்து உருவாக்கியது. கதை நடப்பது 1891இல். பிறக்காத கலையைக் கற்று ஹோம்ஸ் பிழைத்தார், அதுவும் எழுத்துப் பிழையோடு. காலக்குழப்பத்துக்காகப் படத்தைத் திட்டுபவர்கள் இதையும் நினைவில் வைக்கவும்.

காட்டுக்குள்ள ஓடுற சீன்ல ஏன் அவ்வளவு ஸ்லோ மோஷன்? கொட்டாவி வந்துடுச்சு.

தூங்கிய இடம் இதற்கு முன்னால்தான், இல்லையா? எனக்குப் படத்தில் மிகப் பிடித்த மூன்று நிமிடம் இது. தொழிற்சாலையிலிருந்து தப்பி ஓடுகிறவர்களை நோக்கிப் பீரங்கிகள் வெடிக்கின்றன. ரவை மரத்தில் பட்டதும் பட்டை பூப்போல் விரிகிறது, மரச் சிராய்கள் ஒருவர் காதுக்கருகே மிதந்துபோகின்றன, ஓடுகிறவர் முகத்துச் சதை அதிர்ச்சியில் அலையடிக்கிறது. எடுத்தது ஃபான்டம் என்ற அதிவேகக் கேமராவில். சாதாரணமாகச் சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம். விநாடிக்கு ஆயிரம் படம் எடுத்து அதை 24 வீதம் ஓட்டினால், ஒரு விநாடி நிகழ்ச்சி திரையில் நாற்பது விநாடிக்கு மேல் நீளும்.

கண்ணுக்கு அழகு என்பதற்காக மட்டும் வைத்ததாக நான் நினைக்கவில்லை. அதற்குச் சற்று முன்புதான் அந்தத் தொழிற்சாலையில் இதே ஆயுதங்களை வரிசையாகக் காட்டியிருப்பார்கள். இங்கே அவை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். 1914இல் வரப்போவதன் முன்னோட்டம் போல. முதல் படத்தில் மெதுவோட்டம் ஹோம்ஸின் மூளைக்குள் நடந்தது: எதிராளியை எங்கே அடிப்பது, எந்த எலும்பு உடையும் என்று முதலில் மெதுவாகக் கணக்கிட்டு, பிறகு வேகமாகச் செய்வார். காட்டில் கணக்கிட யாருமில்லை. குண்டு வருகிறது, ஓடவேண்டும். ஹோம்ஸின் மூளைக்கு வேலையில்லாத ஒரே இடம் அது. ஆனால் ஒன்று: மெதுவோட்டத்தைப் படம் முழுக்கத் தூவியிருப்பதால் இந்தக் காட்சிக்கு வரும்போது கண் சலித்துப்போகிறது என்ற புகார் நியாயம்தான்.

வில்லன் ஒரு வாத்தியார் மாதிரி இருக்காரே, இவரைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

வாத்தியார்தானே, கணிதப் பேராசிரியர். அந்த வேடத்துக்குப் பெரிய நட்சத்திரங்களின் பெயரெல்லாம் அடிபட்டன. வந்தவர் ஜாரெட் ஹாரிஸ். மறைந்த நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸின் மகன், 'மேட் மென்' தொடரில் நடித்தவர். தாடி, கோட்டு, மெதுவான பேச்சு. ஆரம்பத்தில் ஐரீனை ஓட்டலில் சந்திக்கும் காட்சியைப் பாருங்கள். கூட்டம் நிறைந்த இடம் என்பதால் அவள் தைரியமாக உட்கார்ந்திருக்கிறாள். அவர் கோப்பையைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து வெளியே போகிறார்கள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

கொக்கிக் காட்சியில் ஷூபர்ட்டின் 'மீன்' பாட்டை ஒலிபெருக்கியில் போட்டு, தானும் கூடவே பாடிக்கொண்டு ஹோம்ஸைச் சித்திரவதை செய்வார். தண்ணீரைக் கலக்கி மீனை ஏமாற்றிப் பிடிக்கும் தூண்டில்காரனைப் பற்றிய பாட்டு அது. அந்த நேரத்தில்தான் அவர் சட்டைப்பைக்குள் இருந்த சிவப்புக் குறிப்பேட்டை ஹோம்ஸ் மாற்றி வைத்தார் என்று பின்னால் தெரியும். பிறகு அவர் அந்தப் போலிக் குறிப்பேட்டை விரித்துப் பார்க்கும்போது, தாள்களைப் புரட்டப் புரட்ட ஒரு மீனவன் பெரிய மீனுக்கு இரையாகும் படம் ஓடுகிறது. யார் தூண்டில், யார் மீன் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் சொன்ன இடம்.

ஐரீனை ஏங்க அப்படி ஆரம்பத்துலயே கொன்னுட்டாங்க?

என் தங்கை இதைக் கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை, இப்போதும் இல்லை. ரேச்சல் மெக்ஆடம்ஸ் போன்ற நடிகையைப் பத்து நிமிடத்தில் விஷம் வைத்து அனுப்பிவிட்டார்கள். காசநோயின் அரிய வகை என்று மொரியார்ட்டி சொல்வார். நோக்கம் புரிகிறது: வில்லன் எவ்வளவு கொடியவன் என்று காட்டவேண்டும், ஹோம்ஸுக்கு ஒரு காயம் வேண்டும். ஆனால் மூலக்கதையில் ஹோம்ஸைத் தோற்கடித்த ஒரே பெண் அவள். அவளை ஒரு கைக்குட்டையாகச் சுருக்கியது அநியாயம். கப்பலில் ஹோம்ஸ் அந்தக் கைக்குட்டையை முகர்ந்து காற்றில் விடும் காட்சி நன்றாக இருக்கிறது என்பதும் உண்மை.

அவளுக்குப் பதிலாக வந்த சிம்சா, அதாவது நூமி ரபாஸ், ஸ்வீடிஷ் 'டிராகன் டாட்டூ' படத்தில் நெருப்பாக இருந்தவர். இங்கே அண்ணனைத் தேடி எல்லோர் பின்னாலும் ஓடுகிறார். மேரியின் பங்கு அதைவிடப் பரவாயில்லை. ஆற்றில் விழுந்து நனைந்தவள்தான் கடைசியில் சிவப்புக் குறிப்பேட்டின் சங்கேதத்தைப் பிரித்து, இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேடுடன் சேர்ந்து மொரியார்ட்டியின் பணத்தையெல்லாம் முடக்குகிறாள்.

1891ல இந்த மாதிரி துப்பாக்கியெல்லாம் இருந்துச்சா? அளந்துவிடுறாங்களா?

பாதி இருந்தது, பாதி சீக்கிரம் வந்துவிட்டது. மேக்சிம் இயந்திரத் துப்பாக்கி 1884இலேயே வந்தாயிற்று. பென்ஸின் மோட்டார் வண்டி 1886இல். தானாகக் குண்டேறும் கைத்துப்பாக்கி கடைக்கு வந்தது 1893 வாக்கில்தான். மொரியார்ட்டியின் ரகசியத் தொழிற்சாலை இரண்டு வருடம் முந்திக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தை அறுத்து இன்னொருவராக மாற்றுவதெல்லாம் சுத்த சினிமா.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, முதல் குண்டு ஏன் ஸ்ட்ராஸ்பர்க்கில் வெடிக்கிறது என்பது. 1870–71 போரில் தோற்ற பிரான்ஸ், அல்சாஸ் பகுதியை ஜெர்மனியிடம் பறிகொடுத்தது. ஸ்ட்ராஸ்பர்க் அதன் தலைநகர். 1891இல் அந்த நகரில் ஒரு வெடி என்றால் இரண்டு நாடும் எதிர்நாட்டைத்தான் கைகாட்டும். படப்பிடிப்புக் குழு உண்மையிலேயே அங்கு போய்த் தேவாலயத்தைச் சுற்றி எடுத்துவிட்டு வந்தது.

பிபிசி ஷெர்லாக்தான் ஒரிஜினல், இது டூப்புன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான்.

ரிட்சியின் முதல் படம் 2009, பிபிசி தொடர் தொடங்கியது 2010 ஜூலை. காப்பி என்று சொன்னால் தேதி இடிக்கும். இந்தப் படத்துக்கு உண்மையில் வாய்த்த துரதிர்ஷ்டம் வேறு. அமெரிக்காவில் படம் வந்தது 2011 டிசம்பர் 16. சரியாக ஒரு மாதத்தில், 2012 ஜனவரி 15 அன்று, பிபிசி தன் இரண்டாம் பருவத்தை அதே ரைக்கன்பாக் கதையோடு முடித்தது. அதே பருவத்தின் முதல் பகுதியில் ஐரீன் ஆட்லர் வேறு. ஒரே மாதத்தில் இரண்டு ஐரீன், இரண்டு மொரியார்ட்டி, இரண்டு வீழ்ச்சி. அங்கே துப்பு எழுத்தாகத் திரையில் மிதந்து நமக்குப் படிக்க நேரம் கொடுத்தது, இங்கே குத்தோடு குத்தாகப் பறந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மேலே ஆறாவது கேள்வியில் சொன்ன குறை இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

துணுக்கு ஒன்று: ஜூட் லா சின்ன வயதில் ஜெரமி பிரெட் நடித்த பழைய ஹோம்ஸ் தொடரில் ஒரு பகுதியில் வந்தார், 1991இல். அதில் பெண் வேடம் போட்டு ஏமாற்றும் பையன். இருபது வருடம் கழித்து ரயிலில் ஹோம்ஸ் பெண் வேடத்தில் வந்து நிற்கும்போது லாவின் முகத்தைப் பாருங்கள்.

அருவி சீன்ல நிஜமா என்ன நடக்குது? சண்டை போட்டாங்களா, போடலையா?

போடவில்லை, யோசித்தார்கள். மாடத்தில் குளிரில் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். காய்களைத் தொடாமல் நகர்த்தல்களை வாயால் சொல்லியே கடைசிப் பகுதியை முடிக்கிறார்கள். அந்த ஆட்டம் சும்மா கற்பனை இல்லை. 1966இல் சான்டா மோனிகாவில் டென்மார்க்கின் பென்ட் லார்சன், அப்போதைய உலக சாம்பியன் பெட்ரோசியானை ராணியைப் பலிகொடுத்து வீழ்த்திய ஆட்டத்தை ஒட்டியது. இதை எங்கள் மாடியில் சொன்னதும், அதுவரை செல்போனில் இருந்த இரண்டாம் மாடிப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தெருவுக்கு ஒரு செஸ் வகுப்பு நடக்கிற ஊர் இது.

ஆட்டம் முடிந்ததும் சண்டை. வழக்கம்போல் ஹோம்ஸ் மனதுக்குள் கணக்கிடத் தொடங்குகிறார், முதல் அடி, இரண்டாம் அடி. அப்போது மொரியார்ட்டியின் குரலும் அதே மனக்காட்சிக்குள் நுழைந்து பதிலடியைச் சொல்கிறது. இந்த வித்தை உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாயா என்கிற மாதிரி. ஹோம்ஸுக்கு ஏற்கெனவே தோளில் காயம். இரண்டு பேரும் கடைசிவரை ஓட்டிப் பார்க்கிறார்கள், எப்படி ஆடினாலும் ஹோம்ஸுக்குத் தோல்விதான். நிஜத்தில் இதுவரை ஒரு கைகூட ஓங்கவில்லை. அப்போது வாட்சன் கதவைத் திறக்கிறார். கணக்கில் இல்லாத ஒரு நகர்த்தல் ஹோம்ஸுக்கு மிச்சமிருக்கிறது: புகைக்குழாயின் கங்கை எதிராளி முகத்தில் ஊதி, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடத்திலிருந்து பின்னோக்கி விழுவது.

விமர்சகர்களின் மறு பாதிப் புகாரை நான் ஏற்காதது இந்த இடத்தால்தான். சண்டையும் துப்பறிதலும் வேறுவேறு என்று வைத்துக்கொண்டு ஒன்று கூடிவிட்டது, மற்றது குறைந்துவிட்டது என்றார்கள். இங்கே சண்டையே ஒரு அனுமானம். முதல் படத்தில் நாம் கைதட்டிய அதே உத்தி, இங்கே ஹோம்ஸைத் தோற்கடிக்கப் பயன்படுகிறது. உள்ளே மண்டபத்தில், தூதர்களில் எவன் ரெனே என்று கண்டுபிடிக்கும் வேலையை வாட்சன் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஹோம்ஸின் முறையை வைத்தே.

அப்ப விமர்சகர் சரியா, ஜனங்க சரியா?

தியேட்டர் வாசலில் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர், ஜனங்கள் இதற்கு ஏ-மைனஸ் கொடுத்ததாகச் சொன்னது. ஜனங்கள் ஜோடியைப் பார்க்கப் போனார்கள், ஜோடி கிடைத்தது. குதிரை என்றாலே பயப்படும் ஹோம்ஸ் எல்லோருக்கும் பின்னால் மட்டக்குதிரையில் தள்ளாடி வரும்போது, பின்னணியில் என்னியோ மோரிக்கோனேயின் பழைய கௌபாய் இசை ஒலிக்கும். மாடி முழுக்கச் சிரிப்பு. அதற்கு மார்க் போட மெட்டாகிரிட்டிக்கில் கட்டமில்லை. பாரிஸிலிருந்து ஹைல்பிரான் வரை படம் தொய்கிறது என்று விமர்சகர் சொன்னால், அதுவும் உண்மை. நீங்கள் தூங்கியதே சாட்சி.

மூணாவது பாகம் எப்போ?

2019இல் டெக்ஸ்டர் ஃபிளெட்சர் இயக்கப்போவதாகச் செய்தி வந்தது. 2020 கிறிஸ்துமஸ் என்றார்கள், பிறகு 2021 டிசம்பர் என்றார்கள். அந்தத் தேதிகளும் போய்விட்டன. வந்தால் மாடியில் போடுவேன்.

ஹோம்ஸ் எப்படிப் பிழைச்சார்? கடைசியில அந்தக் கேள்விக்குறி எதுக்கு?

மூலக்கதையில் ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை. மொரியார்ட்டி மட்டும் விழுந்தார், ஹோம்ஸ் பாறையில் தொற்றி ஏறினார். அதையும் டாயில் பத்து வருடம் கழித்துத்தான் சொன்னார். 1893இல் எழுதும்போது ஆளை ஒரேயடியாக முடித்துவிடும் எண்ணம்தான். படத்தில் இரண்டு பேருமே விழுகிறார்கள். அதனால் பிழைக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. மைக்ராஃப்டின் மூச்சு விடும் சின்னக் கருவியைச் சமாதான மாநாட்டில் ஒரு கணம் காட்டுவார்கள், ஹோம்ஸின் பார்வை அதில் நிற்கும். வாடிய செடியைப் போல இதுவும் அரை விநாடிதான்.

ஈமச்சடங்கு முடிந்து வாட்சன் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கதையை எழுதி, 'முற்றும்' என்று அடித்து வைத்திருக்கிறார். தபாலில் ஒரு பொட்டலம் வருகிறது, உள்ளே அந்த மூச்சுக்கருவி. யார் கொண்டுவந்தது என்று கேட்க அவர் அறையைவிட்டு ஓடுகிறார். அவருக்குப் பின்னால் இருந்த நாற்காலியின் பூப்போட்ட துணி அசைகிறது. மெத்தையோடு மெத்தையாக வண்ணம் பூசி உட்கார்ந்திருந்த ஹோம்ஸ் எழுந்து வந்து, தாளைப் படித்துவிட்டு, 'முற்றும்' பக்கத்தில் ஒரே ஒரு விசையை அழுத்துகிறார். படம் தொடங்கிய பதினைந்தாவது நிமிடத்தில் பேக்கர் தெரு வீட்டில் இதே வேஷத்தை அவர் ஒருமுறை போட்டுக்காட்டியிருப்பார். அப்போதும் வாட்சனுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.